அணிலையும் ஆழ்கடல் சுறாவையும் எதை வைத்து ஒப்பிடுவது?

மரத்தில் ஓடும் அணிலையும் ஆழ்கடலில் திரியும் சுறாவையும் ஒப்பிட முடியுமா, ஒப்பிட்டால் உருப்படியாக ஏதாவது தெரியவருமா என்பது கேள்வி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலையாகத்தான் தோன்றும். வழக்கமாகக் கிடைக்கும் பதிலும் ஒரு பட்டியலாக இருக்கும்: இது பாலூட்டி, அது மீன், இதற்கு ரோமம், அதற்குச் செதில், இதற்கு நுரையீரல், அதற்குச் செவுள். தப்பில்லை. ஆனால் அதைப் படித்து முடித்தாலும் இரண்டைப் பற்றியும் புதிதாக எதுவும் புரிந்திருக்காது. இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு, அதை ஒவ்வொன்றும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால் ஒப்பீட்டுக்குப் பொருள் வரும். அப்படிப்பட்ட சிக்கல் சாப்பாடுதான். அணிலுக்கு அது ஆண்டில் சில மாதம் கொட்டிக் கிடக்கும், பிறகு வறண்டுபோகும். ஆழ்கடல் சுறாவுக்கு அடுத்த வேளை எப்போது என்றே தெரியாது.

அதற்கு முன் எந்த அணில், எந்தச் சுறா என்று தீர்மானித்துவிட வேண்டும். அணில் பக்கம், வட அமெரிக்காவைச் சேர்ந்த சாம்பல் அணிலை எடுத்துக்கொள்கிறேன். மிக அதிகமாக ஆராயப்பட்ட மர அணில்களில் அது ஒன்று. வால் நீங்கலாக 23 முதல் 30 செ.மீ., எடை 400 முதல் 600 கிராம். சுறாக்களில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, அவற்றில் பெரும் பங்கு 200 மீட்டருக்குக் கீழே வாழ்பவை. ஒரே ஒரு "ஆழ்கடல் சுறா" கிடையாது. எனவே தேவைக்கேற்ப மூன்றைத் தொடப்போகிறேன்: மெதுவாகவே வாழும் கிரீன்லாந்து சுறா, வட்டமாகச் சதையைக் கடித்தெடுக்கும் குக்கிகட்டர் சுறா, வயிற்றில் ஒளிவிடும் விளக்குச் சுறாக்கள்.

சுறா என்றாலே பெரிது, அணில் என்றாலே சிறிது என்ற எண்ணத்தையும் இங்கேயே கழித்துவிடலாம். கிரீன்லாந்து சுறா 5 மீட்டரைத் தாண்டி ஒரு டன் எடைக்குப் போகும், உண்மை. ஆனால் குக்கிகட்டர் சுறா அரை மீட்டர் அளவுதான். மூக்கு முதல் வால் நுனி வரை அளந்தால் சாம்பல் அணிலும் கிட்டத்தட்ட அதே நீளம். கரீபியக் கடலின் கொலம்பியா, வெனிசுவேலாக் கரையோர ஆழங்களில் வாழும் குட்டை விளக்குச் சுறா 20 செ.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. அணிலின் வாலே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

உறவுமுறையில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. சுறாவும் சால்மனும் "மீன்" என்பதால் நெருங்கிய சொந்தம் என்று நினைப்போம். ஆனால் சுறாக்களின் குருத்தெலும்புக் கிளை முதலில் பிரிந்துபோனது, 42 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அதற்குப் பிறகுதான் எலும்புள்ள கிளை சால்மன் வழியாகவும், நம்மையும் அணிலையும் உள்ளடக்கிய வழியாகவும் பிரிந்தது. ஆக, சால்மனுக்கு சுறாவைவிட அணில்தான் நெருங்கிய உறவு.

இனி சாப்பாட்டுக் கணக்கு. ஒப்பீட்டில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது, அதனால் படிப்படியாகவே போகலாம்.

சாம்பல் அணில் ஒரு வாரத்தில் ஏறக்குறையத் தன் எடை அளவுக்குச் சாப்பிடும். 500 கிராம் அணில் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம். கிரீன்லாந்து சுறாவின் ஆக்சிஜன் செலவை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், 224 கிலோ எடையுள்ள ஒரு சுறாவுக்கு உடலைக் காப்பாற்றிக்கொள்ள நாளொன்றுக்கு 61 முதல் 193 கிராம் இரை போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்பதைக் கவனியுங்கள். அணிலைப்போல் 448 மடங்கு எடையுள்ள பிராணி, அணிலின் சாப்பாட்டைப்போல் ஒன்று முதல் மூன்று பங்கோடு முடித்துக்கொள்கிறது. தன் எடை அளவுக்குச் சாப்பிட்டு முடிக்க அணிலுக்கு ஒரு வாரம். அந்தச் சுறாவுக்கு 3 முதல் 10 ஆண்டு.

இதை ஒரு கிலோ உடலுக்கு எவ்வளவு என்று மாற்றினால், அணிலுக்கு நாளொன்றுக்கு 140 கிராம், சுறாவுக்கு 0.27 முதல் 0.86 கிராம். வித்தியாசம் 160 முதல் 500 மடங்கு. பெரும்பாலானவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு "சுறா சோம்பேறி" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அது அவசரம். இந்த 500 மடங்கில் சோம்பலின் பங்கு எவ்வளவு என்று தெரிய, மற்றவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உடல் பருமன். எந்தப் பிராணியானாலும் எடை கூடக்கூட ஒரு கிலோவுக்கான எரிபொருள் செலவு குறையும். தோராயமான விதி, எடை விகிதத்துக்கு நான்காம் மூலம் எடுப்பது, அதாவது இரண்டு முறை வர்க்கமூலம். 448க்கு வர்க்கமூலம் 21, அதற்கு மறுபடி வர்க்கமூலம் 4.6. எனவே 224 கிலோவில் ஓர் அணில் இருந்தால், கிலோவுக்கு 140 கிராம் கேட்காது. 30 கிராம்தான் கேட்கும். அடுத்தது வெப்பநிலை. அணிலின் உடல் 37 டிகிரி செல்சியஸ் சுற்றளவில் இருக்கும், சுறாவின் உடல் அது நீந்தும் நீரளவுக்குத்தான், 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உடலின் வேதிவினைகள் 10 டிகிரிக்கு ஏறக்குறைய இரு மடங்கு வேகம் பிடிக்கும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 11 மடங்கு. 30ஐ 11ஆல் வகுத்தால் 2.7 கிராம். இப்போது மிச்சமிருக்கும் வித்தியாசம் 3 முதல் 10 மடங்கு மட்டுமே. வெப்பரத்தப் பிராணியின் உடல் சும்மா இருக்கும்போதே சூட்டை உண்டாக்க எரிக்கும் கூடுதல் செலவுக்கே அது சரியாகப் போய்விடும். சோம்பலுக்கென்று தனியாக ஒதுக்க அதிகம் ஒன்றும் மீதியில்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. கொட்டையின் ஒரு கிராமில் மீனின் ஒரு கிராமைவிடப் பல மடங்கு கலோரி. எடையை வைத்து ஒப்பிட்டதால் அணிலின் செலவைக் குறைத்துத்தான் காட்டியிருக்கிறோம். கலோரியில் போட்டால் இடைவெளி இன்னும் அகலும்.

மெதுவாக வாழ்வதற்கு விலையும் இருக்கிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்ததில், கிரீன்லாந்து சுறாவின் சராசரி வேகம் நொடிக்கு 0.34 மீட்டர், மணிக்கு 1.2 கிலோமீட்டர் என்று வந்தது. நாம் நடக்கும் வேகத்தில் கால்பங்கு. அந்த உடல் அளவுக்கு மீன்களிலேயே மிக மந்தமானவற்றில் ஒன்று. குளிரில் தசை வேகமாகச் சுருங்காது, அவ்வளவுதான். ஆனாலும் அதன் வயிற்றில் சீல்கள் கிடைக்கின்றன. விழித்திருக்கும் சீலை இந்த வேகத்தில் துரத்திப் பிடிக்க வழியே இல்லை என்பதால், நீரில் தூங்கும் சீல்களை அணுகிப் பிடிக்கிறது என்ற ஊகம் நியாயமாகவே படுகிறது. செத்து மூழ்கியவையும் வரவில் சேரும்.

செலவைப் பார்த்தாயிற்று. இனி சேமிப்பு. அணிலும் சுறாவும் உண்மையில் எதிரெதிர்த் திசையில் நிற்பது இதில்தான்: அணில் தன் கையிருப்பை உடலுக்கு வெளியே மண்ணில் வைக்கிறது, சுறா உடலுக்கு உள்ளே கல்லீரலில்.

அணில் கொழுத்துக்கொள்ள முடியாதா என்றால், ஓரளவு முடியும். இலையுதிர் காலத்தில் எடை போடவே செய்கிறது. ஆனால் மெல்லிய கிளை நுனியிலிருந்து தாவ வேண்டிய உடலில் அதற்கு மேல் சுமை ஏற்ற முடியாது. மர அணில்கள் குளிர்கால உறக்கத்துக்கும் போவதில்லை, எனவே குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டாக வேண்டும். சாம்பல் அணில் கண்ட வழி, குழிக்கு ஒரு கொட்டை என்று பரவலாகப் புதைப்பது. கொட்டையை முதலில் முன்னங்கால்களில் உருட்டிப் பார்க்கும். வண்டு துளைத்ததாக இருந்தால் புதைக்காது, அங்கேயே தின்றுவிடும். நல்லதாக இருந்தால் சில சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, வாயால் அழுத்திச் செருகி, மண்ணைத் தள்ளி, முன்னங்கால்களால் தட்டி, மேலே இலையை இழுத்துப் போடும். வேறு அணில் பார்த்துக்கொண்டிருந்தால், கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு வெறும் குழியை மூடிவிட்டுப் போவதும் உண்டு. இப்படி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் புதைக்கிறது.

பண்டம் கெடாமல் இருப்பதற்கும் கைப்பக்குவம் உண்டு. சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை முளைக்காது, அதை அப்படியே புதைக்கலாம். வெள்ளை ஓக் கொட்டை விழுந்த சில நாட்களிலேயே வேர் விடும். விட்டால் சத்தெல்லாம் வேருக்குப் போய்விடும். எனவே வெள்ளை ஓக் கொட்டையைக் கிடைத்த இடத்திலேயே தின்னப் பார்க்கும். புதைத்துத்தான் ஆக வேண்டுமென்றால், கூரான முனையை வெட்டுப்பல்லால் கொறித்து, உள்ளே இருக்கும் முளைக்கருவை மட்டும் தோண்டி எடுத்துவிட்டுப் புதைக்கும். அப்படிப்பட்ட கொட்டை முளைக்காது, மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கும். திரும்பத் தோண்டுவது மோப்பத்தால் மட்டும் நடப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் பல அணில்கள் புதைத்த இடத்திலும், தான் புதைத்த இடத்தைத் தேடிப்போகும் அளவுக்கு நினைவு இருக்கிறது என்று 1991இல் வெளியான சோதனை காட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை, மறந்தவையும் எடுக்கும் முன் அணில் செத்துப்போனவையும் மரமாகின்றன.

சுறாவின் கையிருப்புக்குக் காவல் தேவையில்லை. ஆழ்கடல் சுறாக்கள் சிலவற்றில் உடல் எடையில் கால் பங்கு கல்லீரலாகவே இருக்கும், அதில் பெரும்பகுதி எண்ணெய். இந்த எண்ணெய் இரட்டை வேலை செய்கிறது. பட்டினி நாட்களில் எரிபொருள். எல்லா நாளும் மிதவை. பல ஆழ்கடல் சுறாக்களின் எண்ணெயில் அதிகமுள்ள ஸ்குவாலின் என்ற கொழுப்புப் பொருள் லிட்டருக்கு சுமார் 860 கிராம் எடை, கடல்நீர் 1,026 கிராம். ஆக ஒரு லிட்டர் ஸ்குவாலின், நீருக்குள் உடலின் எடையில் கிட்டத்தட்ட 166 கிராமைத் தூக்கிப் பிடிக்கும். சுறாக்களுக்குக் காற்றுப்பை இல்லாதது இந்த விஷயத்தில் நல்லதாகவே போயிற்று: காற்று, ஆழம் மாறினால் சுருங்கி விரியும், எண்ணெய் அநேகமாக அப்படியே இருக்கும். சிக்கல் என்னவென்றால், எரிபொருளும் மிதவையும் ஒரே பொருள். பசிக்கு எண்ணெயை எரித்தால் உடல் கனத்து மூழ்கத் தொடங்கும். 3,000 மீட்டருக்குக் கீழே சுறாக்கள் அநேகமாக இல்லாமல் போவதற்கு ஒரு விளக்கம், அங்கே விழும் அற்ப உணவில் இவ்வளவு எண்ணெயைச் சேர்த்துக் கட்டுப்படியாகாது என்பது. இதுவரை பதிவான ஆழம் 3,675 மீட்டர், போர்த்துகீசிய நாய்ச்சுறாவுடையது.

பற்களுக்கு வந்தால், எதிரெதிர் வழிகள் ஒரே தேவையில் முட்டிக்கொள்வதைக் காணலாம். சாம்பல் அணிலுக்கு 22 பற்கள். முன்னாலுள்ள நான்கு வெட்டுப்பற்களுக்கு வேர் மூடுவதே இல்லை. ஆயுள் முழுக்க வளரும். முன்பக்கம் மட்டும் எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின் என்ற பல்திசு. கொறிக்கும்போது பின்பக்கம் வேகமாகத் தேய்வதால் முனை தானாகவே உளி மாதிரி கூர்மையாகிக்கொள்ளும். எனாமலில் இரும்பு இருப்பதால் ஆரஞ்சு நிறம். மேலும் கீழும் நேருக்கு நேர் உரசும் வரை பிரச்சினையில்லை. விழுந்தோ அடிபட்டோ தாடை கொஞ்சம் விலகிவிட்டால் தேய்மானம் நின்று, பல் வளைந்து வளர்ந்து, கடைசியில் வாயை மூடவே முடியாமல் பட்டினியில் சாகும்.

குக்கிகட்டர் சுறா பல்லைத் தீட்டுவதில்லை, மாற்றிவிடுகிறது. கீழ்த்தாடையில் 25 முதல் 31 முக்கோணப் பற்கள், அடியில் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே ரம்பம் போல நிற்கும். தடித்த உதட்டால் சூரை மீனின் அல்லது திமிங்கிலத்தின் உடலில் ஒட்டிக்கொண்டு, மேல்பல்லால் பிடித்து, கீழ்ப்பல்லை இறக்கி உடம்பைச் சுழற்றும். 5 செ.மீ. அகல வட்டத்தில் சதை உருண்டையாகக் கழன்று வந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் கவசத்து ரப்பரைக்கூட இது கடித்துத் துளைத்திருக்கிறது. கீழ்வரிசை மழுங்கியதும் ஒவ்வொன்றாக விழாது. மொத்த வரிசையும் ஒரே தொகுப்பாகக் கழலும், பின்னால் மடிந்து காத்திருக்கும் அடுத்த வரிசை எழுந்து நிற்கும். கழன்ற பல்லை அது துப்புவதில்லை, விழுங்கிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தை வீணாக்காமல் மறுபடி எடுத்துக்கொள்ளத்தான் என்று கருதுகிறார்கள். அணிலும் கீழே கிடக்கும் மான்கொம்பையும் எலும்பையும் கொறிக்கிறது, கொட்டையில் சுண்ணாம்புச்சத்து குறைவு என்பதால். ஒன்று தன் பழைய பல்லைத் தின்கிறது, மற்றது செத்த மானின் கொம்பைத் தின்கிறது. இரண்டும் தேடுவது கால்சியம்.

உடற்கட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அணிலின் பின்னங்கால் கணுக்கால் முழுக்கப் பின்புறமாகத் திரும்பும். அதனால்தான் பின்னங்கால் நகங்களை மேல்நோக்கிக் கொக்கியாக மாட்டிக்கொண்டு தலைகீழாக இறங்குகிறது. அதன் எலும்பு, எடையைத் தாங்கவும் தாவலின் அதிர்ச்சியை வாங்கவும் கட்டப்பட்டது. நீரில் மிதக்கும் சுறாவுக்கு அந்தத் தேவை இல்லை. எலும்பைவிடப் பாதிக்கும் சற்றே கூடிய அடர்த்தியுள்ள குருத்தெலும்பு மிதவைக்கு அனுகூலம். சுறாவின் தோலைத் தடவினால் உப்புத்தாள் போலிருக்கும், ஏனென்றால் அதன் செதில் ஒவ்வொன்றும் கூழ், டென்டின், மேற்பூச்சு எல்லாம் கொண்ட ஒரு குட்டிப் பல்.

"சண்டை வந்தால் யார் ஜெயிப்பது?" என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. 1,000 மீட்டரில் அழுத்தம் சுமார் 100 வளிமண்டலம். நுரையீரலில் காற்றோடு இறங்கும் அணில் அந்த ஆழத்துக்குப் பாதிகூடப் போவதற்குள் முடிந்துவிடும். சுறாவின் உடலில் காற்றறை இல்லாததால் நசுங்க ஒன்றுமில்லை. ஆனால் அழுத்தம் புரதங்களின் வடிவத்தையே கெடுக்கும். போதாக்குறைக்கு சுறா, கடலின் உப்புக்கு ஈடுகொடுக்கத் தன் ரத்தத்தில் ஏராளமான யூரியாவை வைத்திருக்கிறது, அதுவும் புரதத்தைக் குலைக்கும். இரண்டுக்கும் மாற்றாக அதன் தசையில் டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு இருக்கிறது. கிரீன்லாந்து சுறாவின் பச்சை மாமிசத்தைத் தின்ற நாய்கள் போதையேறியதுபோல் தள்ளாடுவதற்குக் காரணமும், இந்தப் பொருள் சிதைந்து உண்டாகும் டிரைமெத்தில் அமைன்தான் என்கிறார்கள். சுறாவை மரத்தடியில் போட்டால் சில நிமிடங்களில் செவுள் ஒட்டிப்போகும். சண்டைக்கு இடமே இல்லை.

வெளிச்சத்தில் ஓர் எதிர்பாராத ஒற்றுமை. அணிலின் வயிறு வெளுப்பு, முதுகு கருமை. மேலிருந்து விழும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றில் நிழல் போடுவதை இது சமன் செய்து, உருவத்தைத் தட்டையாகக் காட்டும். விளக்குச் சுறா இதையே ஒருபடி மேலே கொண்டுபோகிறது: கீழேயிருந்து பார்க்கும் எதிரிக்குத் தன் நிழலுருவம் தெரியாமலிருக்க, வயிற்றிலுள்ள ஆயிரக்கணக்கான நுண் உறுப்புகளால் மேலிருந்து வரும் நீலத்துக்கு ஈடாக ஒளிவிடும். அந்த ஒளியை ஏற்றும் ஹார்மோன்களில் ஒன்று மெலடோனின், நமக்கும் அணிலுக்கும் இரவு பகலை உணர்த்தும் அதே பொருள். வட அமெரிக்கப் பறக்கும் அணில்கள் புற ஊதா ஒளியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது 2019இல் வெளிவந்தது. இதையும் அதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அணில் வெளி ஒளியை வாங்கி நிறம் மாற்றித் தருகிறது. சுறா தானே ஒளியை உண்டாக்குகிறது.

கடைசியாக வயது. விசித்திரமாக, இரண்டிலும் வயதைக் கண்டுபிடிக்கக் கண்வில்லையே உதவுகிறது. அணிலின் வில்லை ஆயுள் முழுக்க எடை கூடும். செத்த அணிலின் வில்லையை எடுத்து, ஃபார்மலினில் பதப்படுத்தி, எடை மாறாத நிலை வரும் வரை அடுப்பில் உலர்த்தி, மில்லிகிராம் சுத்தமாக நிறுத்தால், அந்த ஆண்டுக் குட்டியா, முதிர்ந்ததா என்று பிரிக்கலாம். உடல் அழுகியிருந்தாலோ உறையவைத்து எடுத்திருந்தாலோ எடை பொய் சொல்லும். வயது கூடக்கூட அடுத்தடுத்த வயதுகளின் எடைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், மூன்று வயதையும் நான்கு வயதையும் இதில் பிரிக்க முடியாது.

மற்ற சுறாக்களில் முதுகெலும்பு வளையங்களையோ துடுப்பு முள்ளையோ எண்ணுவார்கள். கிரீன்லாந்து சுறாவின் முதுகெலும்பு மெத்தென்றிருக்கும், வளையம் விழாது, முள்ளும் கிடையாது. வில்லையின் மையம் மட்டும் குட்டி பிறக்கும் முன்பே உருவாகி, பிறகு மாறாமல் நிற்கிறது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகளால் கடலில் ஏறிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் அந்த மையத்தில் கூடுதலாக இருந்தால் சுறா அதற்குப் பிந்தையது, இல்லையென்றால் முந்தையது. 28 பெண் சுறாக்களில் இதை அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய சில சுறாக்களில் மட்டுமே அந்த அடையாளம் இருந்தது. மற்றவற்றின் வயதை நீளத்தையும் கார்பன் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 5.02 மீட்டர் நீளமான பெண்ணுக்கு 392 ஆண்டு, 120 கூடலாம் அல்லது குறையலாம். "400 வயது சுறா" என்று பரவும் செய்தியில் விடுபடுவது இந்தக் கூட்டல் கழித்தல்தான். உறுதியாகச் சொல்லக்கூடியது குறைந்தது 272. பெண் சுறா பருவமடைய சுமார் 156 ஆண்டு, 22 முன்பின்.

பெண் சாம்பல் அணில் ஒரு வயதை எட்டும் முன்பே இனப்பெருக்கத்துக்குத் தயார். கர்ப்பம் 44 நாள், ஈற்றுக்கு இரண்டு முதல் நான்கு குட்டி, நல்ல ஆண்டில் இரண்டு ஈற்று. இங்கிலாந்தில் 1876இல் கொண்டுவந்து விடப்பட்ட சாம்பல் அணில் இன்று அந்நாட்டின் பெரும்பகுதியில் பரவி, அங்கிருந்த சிவப்பு அணிலை ஓரங்கட்டிவிட்டது. அதே 1876இல் பிறந்த ஒரு பெண் கிரீன்லாந்து சுறா இன்றுதான் பருவத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். கல்லீரல் எண்ணெய்க்காக இந்தச் சுறாக்களை ஏராளமாகப் பிடித்தது 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். அந்தக் காலத்தில் தப்பிய குட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் ஒருமுறைகூட ஈனவில்லை.